நுண்பைகள் அண்டைச் செல்களின் சர்க்கரைப் பயன்பாட்டைக் கூட்டுகின்றனவா, குறைக்கின்றனவா?

கேள்வி: முதுகலை_உயிர்வேதி

வணக்கம். உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புற்றுச்செல்கள் வெளியே அனுப்பும் நுண்பைகளும் கட்டியைச் சுற்றி நிகழும் வளர்சிதை மாற்றமும் என்ற தலைப்பைக் கருத்தரங்குக்காக எடுத்துக்கொண்டேன். எடுத்தபோது எளிதாகத்தான் தெரிந்தது. இப்போது இரண்டு கட்டுரைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நான் புரிந்துகொண்டதை முதலில் எழுதிவிடுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். செல்லுக்குள் இருக்கும் எண்டோசோம் என்ற பையின் சவ்வு உட்புறமாகக் குழிந்து பல சிறு பைகளை உண்டாக்குகிறது. அவற்றைச் சுமந்த எண்டோசோம் செல்லின் வெளிச்சவ்வோடு இணையும்போது, உள்ளிருந்த சிறு பைகள் வெளியே கொட்டப்படுகின்றன. இவையே எக்ஸோசோம்கள், அளவு ஏறக்குறைய 30 முதல் 150 நானோமீட்டர். வெளிச்சவ்வே மொட்டு விட்டு நேரடியாக உதிரும் பைகளும் உண்டு. அவை ஆயிரம் நானோமீட்டர் வரைகூட இருக்கும். இரண்டு வகையையும் சேர்த்தே நுண்பைகள் என்கிறேன். 1983இல் மாண்ட்ரியாலில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவும் செயின்ட் லூயிஸில் ஃபிலிப் ஸ்டால் குழுவும், முதிர்ந்துவரும் சிவப்பணுக்கள் தமக்கு இனித் தேவைப்படாத இரும்பை உள்ளே எடுக்க உதவும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை இப்படிப்பட்ட பைகளில் வெளியேற்றுவதைத் தனித்தனியே கண்டார்கள். அதன் பிறகு நெடுங்காலம் பெரும்பாலோர் இதைச் செல்லின் குப்பை அகற்றும் வழியாகவே கருதியதாகத் தெரிகிறது. 2007இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் வலாடியும் லோட்வாலும் இந்தப் பைகளுக்குள் புரதம் ஆக்குவதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வும், அந்தத் தூதை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ.வான மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் இருப்பதைக் காட்டிய பின்பே, இது ஒரு செல் மற்றொரு செல்லுக்குச் செய்தி அனுப்பும் வழி என்ற கருத்து வேகம் பெற்றது.

இனி என் சிக்கல். மார்பகப் புற்றுச்செல்களின் நுண்பைகளில் வரும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-122 அண்டைச் செல்களின் குளுக்கோஸ் உறிஞ்சலைக் குறைக்கிறது என்று 2015இல் வந்த கட்டுரை சொல்கிறது. அதே மார்பகப் புற்றுச்செல்களின் நுண்பைகளில் வரும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-105 அண்டையிலிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்களின் (இணைப்புத் திசுச் செல்களின்) குளுக்கோஸ் பயன்பாட்டையும் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தின் பயன்பாட்டையும் கூட்டுகிறது என்று 2018இல் வந்த கட்டுரை சொல்கிறது. இரண்டும் ஒரே ஆய்வகத்திலிருந்து வந்தவை என்பதுதான் என்னை மேலும் குழப்புகிறது. என் பேராசிரியர் கேட்கப்போகும் முதல் கேள்வி, "கூட்டுகிறதா, குறைக்கிறதா, ஒன்றைச் சொல்" என்பதாகத்தான் இருக்கும். என்ன சொல்வது?

மறுமொழி 1: நாரிழை

"ஒன்றைச் சொல்" என்பவருக்கு, "எந்தச் செல்லில், எந்த இடத்தில் என்று முதலில் சொல்லுங்கள்" என்பதே சரியான விடை. அது நழுவல் அன்று. இந்தத் துறையின் சாரமே அதுதான்.

நீங்கள் குறிப்பிடும் இரண்டு கட்டுரைகளும் கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் நிறுவனத்தில் எமிலி வாங்கின் ஆய்வகத்தில் தொடங்கியவை. முதல் கட்டுரையில் நுண்பைகளைப் பெறுபவர்கள் யார் என்று பாருங்கள். நுரையீரலின் ஃபைப்ரோபிளாஸ்ட்கள், மூளையின் நியூரான்கள், அவற்றுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட்கள். அதாவது, புற்று இன்னும் போய்ச் சேராத, போய்ச் சேரக்கூடிய உறுப்புகளின் குடிமக்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ.-122 இயல்பாகக் கல்லீரலில்தான் மிகுதியாக உண்டு. மூளைக்கும் நுரையீரலுக்கும் அது அன்னியம். அது அங்கே நுழைந்து, குளுக்கோஸைச் சிதைக்கும் கிளைகாலிசிஸின் கடைசிப் படியை நடத்தும் பைருவேட் கைனேஸ் நொதியின் உற்பத்தியைத் தணிக்கிறது. அதற்கு முந்தைய படிகளில் தேக்கம் உண்டாக, அந்தச் செல் உள்ளே எடுக்கும் குளுக்கோஸும் குறைகிறது. உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடே இருக்கும் மூளை, உடலின் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டைச் செலவிடுவது. அப்படிப்பட்ட பெருந்தீனிக்காரர்கள் இருக்கும் இடத்தில் புதிதாக வந்திறங்கும் சில புற்றுச்செல்களுக்குச் சர்க்கரை எப்படிக் கிடைக்கும்? பந்தியில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களின் பசியை முன்கூட்டியே அடக்கிவிட்டால் கிடைக்கும். எலிகளில் இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வைத் தடுத்தபோது அவ்வுறுப்புகளின் குளுக்கோஸ் உறிஞ்சல் மீண்டது. அங்குப் புற்று பரவுவதும் குறைந்தது.

இரண்டாவது கட்டுரையில் பெறுபவர்கள் வேறு. அவர்கள் கட்டிக்கு உள்ளேயே, புற்றுச்செல்களோடு தோளுரசி வாழும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ.-105 அங்கே மிக் என்ற மரபணுவின் எதிரியான எம்.எக்ஸ்.ஐ.1 புரதத்தை அடக்குகிறது. எதிரி ஒடுங்கியதும் மிக் தலைதூக்கி, வளர்சிதை மாற்றத்தின் பல நொதிகளை ஒருசேர ஏற்றிவிடுகிறது. அதன் பின் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஊட்டம் தாராளமாக இருக்கும்போது இந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் குளுக்கோஸையும் குளுட்டமினையும் முனைப்பாகச் செலவிட்டு, புற்றுச்செல்களுக்கு உதவும் பொருள்களை வெளியிடுகின்றன. ஊட்டம் வற்றி, கழிவாக லாக்டிக் அமிலமும் அம்மோனியமும் தேங்கும்போது, அதே ஃபைப்ரோபிளாஸ்ட்கள் அந்தக் கழிவுகளை எடுத்து மீண்டும் பயன்படும் பொருள்களாக மாற்றித் தருகின்றன. ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ., ஒரே செல் வகை, சூழலுக்கேற்ப இரண்டு விதமான வேலை.

ஆகவே போட்டியாளரின் உணவைக் குறைப்பதும், பக்கத்தில் வேலைக்கு வைத்த ஆளின் அடுப்பைப் பெரிதாக்குவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டின் முடிவும் ஒன்றே: கட்டிக்குக் கிடைக்கும் கார்பன் கூடுகிறது.

போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அன்று. 2016இல் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் தீபக் நாக்ரத் குழு எதிர்த்திசையைக் காட்டியது. புரோஸ்டேட், கணையப் புற்றுகளில், ஃபைப்ரோபிளாஸ்ட்கள் அனுப்பிய எக்ஸோசோம்களை உட்கொண்ட புற்றுச்செல்களின் மைட்டோகாண்ட்ரிய ஆக்சிஜன் செலவு குறைந்து கிளைகாலிசிஸ் கூடியது. குளுட்டமினைப் பின்னோக்கி ஓட்டிக் கொழுப்பாக்கும் வழியும் முனைப்படைந்தது. அந்த எக்ஸோசோம்களுக்குள் அமினோ அமிலங்கள், கொழுப்பு அமிலங்கள், கிரெப்ஸ் சுழற்சியின் இடைப்பொருள்கள் எல்லாம் ஆயத்தமாக இருந்தன என்றும், கார்பன்-13 அடையாளமிட்ட பொருள்களைக் கொண்டு பின்தொடர்ந்தபோது அவை புற்றுச்செல்லின் சுழற்சிக்குள் போய்ச் சேர்ந்தன என்றும் அவர்கள் காட்டினார்கள். அதாவது, உயிர்வேதியியலாளர் வார்பர்க் 1920களில் கண்ட "ஆக்சிஜன் இருந்தும் சர்க்கரையைப் புளிக்கவைக்கும்" போக்கு புற்றுச்செல்லின் சொந்தக் குணம் மட்டும் அன்று. அதில் ஒரு பங்கு அண்டையார் அனுப்பிய பொட்டலத்தால் விளைவதாகவும் இருக்கலாம்.

மூன்றாவதாக ஒரு பெறுநரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது மாக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல். 2021இல் கென்டக்கியின் லூயிவில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வில், கட்டியின் எக்ஸோசோம்கள் நுரையீரல் மாக்ரோஃபேஜ்களின் டி.எல்.ஆர்.-2 ஏற்பியைத் தூண்டி, கிளைகாலிசிஸைக் கூட்டி, லாக்டேட்டைப் பெருக்கின. அந்த லாக்டேட் திரும்ப உள்ளுக்குள் வேலை செய்து, புற்றைத் தாக்கும் டி செல்களை அடக்கும் பி.டி.-எல்1 புரதத்தின் அளவை ஏற்றியது. இங்கே சர்க்கரைச் செலவு கூடுவது உணவுக்காக அன்று, காவல்காரரைத் தூங்கவைப்பதற்காக. உங்கள் கருத்தரங்கில் இந்த மூன்று பெறுநர்களையும் தனித்தனியே வைத்துப் பேசினால் பேராசிரியரின் கேள்வி தானாகவே கரைந்துவிடும்.

மறுமொழி 2: கணக்குப்பிள்ளை

நாரிழை எழுதியதில் ஓர் இடத்தை மட்டும் தாளும் பேனாவும் எடுத்துச் சோதிக்க விரும்புகிறேன். "பொட்டலத்தில் ஆயத்த உணவு வருகிறது" என்ற பேச்சு கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு உணவு?

நூறு நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு பையை எடுத்துக்கொள்வோம். சவ்வின் தடிப்பு ஏறக்குறைய 5 நானோமீட்டர் என்று கழித்தால், உள்ளே இருக்கும் இடம் சுமார் 4 இலட்சம் கன நானோமீட்டர். இரத்தத்தில் இருக்கும் செறிவான 5 மில்லிமோலார் அளவுக்குக் குளுக்கோஸ் அதில் நிரம்பியிருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பையில் அடங்குவது ஆயிரத்துச் சொச்சம் மூலக்கூறுகள். வளர்ப்புத் தட்டில் வேகமாகப் பெருகும் ஒரு புற்றுச்செல் வினாடிக்கு உறிஞ்சும் குளுக்கோஸோ ஒரு கோடி மூலக்கூறுகள் என்ற படித்தரத்தில் இருக்கும். ஆக, பையைக் கொண்டே ஒரு செல்லின் சர்க்கரைத் தேவையை நிறைவு செய்ய வேண்டுமானால் வினாடிக்குப் பத்தாயிரம் பைகள் வந்திறங்க வேண்டும். 15 மைக்ரோமீட்டர் செல்லின் கன அளவு நூறு நானோமீட்டர் பையைப்போல் ஏறக்குறைய 34 இலட்சம் மடங்கு. அந்தக் கணக்கில், அது தன் கன அளவுக்குச் சமமான பைகளை ஆறு நிமிடத்துக்குள் விழுங்கியாக வேண்டும். நடக்கிற காரியம் இல்லை.

ஆனால் பையின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு, பை தைக்கப்பட்ட துணியைப் பாருங்கள். அந்தச் சவ்வின் இரண்டு அடுக்குகளிலும் சேர்த்துக் கொழுப்பு மூலக்கூறுகள் 80, 90 ஆயிரம் அளவில் இருக்கும். புரதங்களுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் இடம் ஒதுக்கினாலும், பதினாறு பதினெட்டு கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலச் சங்கிலிகள் பல்லாயிரக்கணக்கில் மிஞ்சும். கார்பன் கணக்கில் பார்த்தால் உள்ளிருக்கும் சர்க்கரையைப்போல் நூறு மடங்குக்கும் மேல் சவ்விலேயே இருக்கிறது. நீர் நிறைந்த ஒரு சிறு பையில் உணவு அனுப்புவதாக இருந்தால், அது கொழுப்பாக இருப்பதே கணக்குக்குப் பொருந்தும்.

இதனால்தான் பிரான்சின் துலூஸிலிருந்து 2016இல் வந்த மெலனோமா ஆய்வு எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. அங்கே அனுப்புபவை கொழுப்புச் செல்கள். பெறுபவை தோல் புற்றான மெலனோமாவின் செல்கள். கொழுப்புச் செல்களின் எக்ஸோசோம்களில் கொழுப்பு அமிலங்களை எரிப்பதற்கான நொதிகளே சென்று சேர்ந்தன. பெற்ற செல்களின் நகர்வும் ஊடுருவலும் கூடின. கொழுப்பு எரிப்பைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது அந்த வேகம் அடங்கியது. உடல் பருமன் உள்ளவர்களின் கொழுப்புத் திசுவிலிருந்து வந்த எக்ஸோசோம்களுக்கு இந்த விளைவு மேலும் கூடுதலாக இருந்தது. அதே குழுவின் 2020 ஆய்வு, நொதிகளோடு விறகான கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தே போகின்றன என்று காட்டியது. அடுப்பும் விறகும் ஒரே வண்டியில்.

நாக்ரத்தின் கட்டுரையை நான் தள்ளவில்லை. பட்டினி போட்ட செல்களுக்குச் சிறு உதவிகூடப் பெரிதாகத் தெரியலாம். ஆனால் சர்க்கரையைப் பொறுத்தவரை, பை கொண்டுபோவது உணவை அன்று, உணவைப் பற்றிய உத்தரவை என்று கொள்வதே கணக்குக்கு ஒத்துவருகிறது.

மறுமொழி 3: இரைப்பை_குடல்

நான் மருத்துவன்; ஆய்வகத்தில் உட்காருபவன் அல்லன். ஆனால் நீங்கள் எல்லோரும் கட்டியின் எல்லைக்குள்ளேயே நிற்கிறீர்கள். இந்த நுண்பைகளின் வளர்சிதை விளைவை நாங்கள் வெளிநோயாளர் பிரிவிலேயே பார்க்கிறோமோ என்று எண்ணத் தூண்டும் நோய் ஒன்று உண்டு. அது கணையப் புற்று.

ஐம்பது வயதைத் தாண்டியவர் ஒருவர் வருகிறார். போன ஆண்டு வரை சர்க்கரை இயல்பு; இப்போது திடீரென ஏறியிருக்கிறது. சாதாரணமாக இரண்டாம் வகை நீரிழிவு தொடங்குபவர்களின் எடை கூடிக்கொண்டு வந்திருக்கும். இவருடைய இடுப்புப் பட்டையில் புதிதாக இரண்டு துளைகள் போட்டிருக்கிறார்கள். சர்க்கரை ஏற எடை இறங்குகிறது என்றால் எங்களுக்கு உறுத்தும். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் சுரேஷ் சாரி குழு 2005இல் வெளியிட்ட கணக்குப்படி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நீரிழிவு காணப்பட்டவர்களில் மூன்றாண்டுகளுக்குள் கணையப் புற்று வெளிப்படுவோர் ஏறக்குறைய 100 பேரில் ஒருவர். எல்லோரையும் அச்சுறுத்த அது போதாது. ஆனால் பொதுமக்களிடம் காணும் விகிதத்தைவிட அது பல மடங்கு.

கட்டி கணையத்தை அரித்துவிட்டதால் இன்சுலின் குறைந்தது என்பதுதான் எளிய விளக்கம். அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அறுவையில் கட்டியோடு கணையத்தின் ஒரு பகுதியையும் வெட்டி எடுத்துவிடுகிறோம். இன்சுலின் சுரக்கும் திசு இன்னும் குறைகிறது. நீரிழிவு மோசமாக வேண்டும். ஆனால் அண்மையில்தான் நீரிழிவு தொடங்கிய கணையப் புற்று நோயாளிகளில் கணிசமானோருக்கு அறுவைக்குப் பின் சர்க்கரை இறங்குகிறது. எனவே, கட்டி எதையோ அனுப்பி இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் எஞ்சியிருக்கும் நல்லவற்றை அடக்கிக்கொண்டிருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். 2015இல் அதே மாயோ கிளினிக்கிலிருந்து வந்த ஆய்வு, கணையப் புற்றின் எக்ஸோசோம்கள் அட்ரினோமெடுலின் என்ற பெப்டைடைச் சுமந்து பீட்டா செல்லுக்குள் நுழைந்து இன்சுலின் சுரப்பைத் தடுப்பதைக் காட்டியது. மறுஆண்டு, அதே எக்ஸோசோம்கள் தோலடிக் கொழுப்புச் செல்களில் சேமித்த கொழுப்பைக் கரைப்பதையும் காட்டினார்கள். ஏறும் சர்க்கரை, இளைக்கும் உடல் இரண்டுக்கும் ஒரே அனுப்புநர் என்பது, பட்டையில் போட்ட அந்தப் புதிய துளைகளைப் பார்த்தவனுக்கு மனத்தில் நிற்கும்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு தகவல். உங்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ.-122இன் கதை 2015இல் முடியவில்லை. எமிலி வாங் குழு பின்னர் சான் டியேகோவிலிருந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், அதே மைக்ரோ ஆர்.என்.ஏ. அதே பைருவேட் கைனேஸை இம்முறை பீட்டா செல்களில் அடக்கி, எலிகளில் இன்சுலின் சுரப்பைக் குறைக்கிறது. மார்பகத்தில் இருக்கும் கட்டி, கணையத்தின் கையைக் கட்டி, உடல் முழுவதன் சர்க்கரைப் பங்கீட்டையும் தன் பக்கம் சாய்க்கிறது.

இன்னும் ஒன்று, சுருக்கமாக. 2023இல் நியூயார்க்கின் வைல் கார்னெலில் டேவிட் லைடன் குழு, கட்டியின் நுண்பைகள் சுமந்துவரும் பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் கல்லீரலின் மாக்ரோஃபேஜ்களான குப்ஃபர் செல்களைத் தூண்டி, டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கவைத்து, புற்று அங்குப் பரவாத நிலையிலேயே கொழுப்புக் கல்லீரலை உண்டாக்குவதை எலிகளில் காட்டியது. அத்தகைய கல்லீரல் மருந்துகளைச் சிதைக்கும் திறனும் குறைந்ததால், கீமோதெரபி மருந்தின் நச்சு விளைவு கூடியது. மருந்தளவைத் தீர்மானிக்கும் எங்களைப் போன்றோருக்கு இது வெறும் கருத்தரங்கச் செய்தி அன்று. கணக்குப்பிள்ளை "துணியே கொழுப்பு" என்று எழுதியதைப் படித்தபோது இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

மறுமொழி 4: ஆய்வக_மூலை

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இனி நான் கொஞ்சம் கசப்பு கலக்கிறேன்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரு குழாயின் அடியில் தொடங்குகின்றன. வளர்ப்பு நீர்மத்தை அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் ஒரு லட்சம் ஜி வேகத்தில் எழுபது நிமிடம் சுற்றி எடுக்கிறோம். அடியில் படிந்திருக்கும் பெல்லட் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. அதனால் குழாயை வைக்கும்போதே வெளிப்பக்கச் சுவரில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்வோம். பிறகு அந்தக் கோட்டுக்கு நேரே, எதையும் பார்க்காமல், பைப்பெட் நுனியால் கழுவி எடுப்போம். அப்படி எடுத்தது முழுவதும் நுண்பை என்று நம்புவது நம் நல்ல மனத்தைக் காட்டுகிறது. புரதக் கட்டிகள் அதில் வரும். இரத்தத்திலிருந்து எடுத்தால் நுண்பைகளைவிட எண்ணிக்கையில் மிகப் பல மடங்கான, கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரதங்களும் சேர்ந்து வரும். கொழுப்பு வளர்சிதையை ஆராய்பவருக்கு லிப்போபுரதக் கலப்பைவிடப் பெரிய தலைவலி வேறு இல்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. முனைவர் பட்ட நாள்களில், புற்றுச்செல் நுண்பைகளைக் கொடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்களின் ஆக்சிஜன் செலவு அழகாகக் குறைவதை நான்கு மாதம் தொடர்ந்து அளந்தேன். படமெல்லாம் வரைந்தாகிவிட்டது. ஐந்தாம் மாதம், செல்லே இல்லாத வெறும் வளர்ப்பு நீர்மத்தை அதேபோல் சுற்றி, அதே கோட்டுக்கு நேரே கழுவி எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். ஆக்சிஜன் செலவு அதே அளவு குறைந்தது. காரணம், வளர்ப்பு நீர்மத்தில் நாங்கள் சேர்த்த கன்றுக்குட்டி சீரம். அதற்குள் மாட்டின் நுண்பைகள் கோடிக்கணக்கில் இருந்தன. அவற்றை முன்கூட்டியே நீக்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு மாதம் மாட்டின் வளர்சிதை மாற்றத்தைப் படித்திருக்கிறேன்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. கதைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2014இல் சியாட்டிலிலிருந்து வந்த ஆய்வு, எக்ஸோசோம்களையும் அவற்றிலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. பிரதிகளையும் எண்ணிப் பார்த்தது. மிகுதியாகக் காணப்படும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்குக்கூட, ஒரு பிரதியைக் காண சராசரியாக நூற்றுக்கும் மேற்பட்ட எக்ஸோசோம்களைத் தேட வேண்டியிருந்தது. ஒரு செல்லில் இலக்கு தூது ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கில் இருக்கும்போது, உத்தரவுக் கடிதம் நூறு உறையில் ஒன்றில்தான் இருக்கிறது என்றால் அந்த உத்தரவு எப்படிச் செல்லுபடியாகும்? ஒரு சிறு பகுதிப் பைகளில் மட்டும் அது செறிந்திருக்கலாம். நாள் கணக்கில் பைகள் தொடர்ந்து வந்து சேர்ந்துகொண்டே இருக்கலாம். அல்லது விளைவில் ஒரு பகுதி சவ்வின் புரதங்களாலோ கொழுப்பாலோ உண்டாகலாம். கணக்குப்பிள்ளை உணவை மட்டும் எண்ணினார். உத்தரவையும் எண்ண வேண்டும்.

விளைவே பொய் என்று நான் சொல்லவில்லை. இரைப்பை_குடல் சொன்ன அறுவைக்குப் பிந்தைய சர்க்கரை இறக்கம் குழாயின் அடியில் பிறந்தது அன்று. அது மனித உடலில் தெரிவது. ஆனால் அதற்குக் காரணம் நுண்பை மட்டுமே என்று சொல்ல, அட்ரினோமெடுலின் போன்ற ஒரு பெப்டைடு பைக்கு வெளியே தனியாகவும் சுற்றக்கூடியது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

முதுகலை_உயிர்வேதி

நால்வருக்கும் நன்றி. "கூட்டுகிறதா குறைக்கிறதா" என்ற என் கேள்வியை "யாருக்கு, எதைக் கொண்டு, எவ்வளவு" என்று மாற்றி எழுதிக்கொண்டேன். மாட்டு நுண்பைகளைப் பற்றிய ஐயாவின் பத்தியை என் வகுப்புத் தோழியிடம் படித்துக் காட்டினேன். அவள் அன்றைக்கே தன் வளர்ப்பு நீர்மத்தை மாற்றச் சென்றுவிட்டாள்.

இன்னும் இரண்டு ஐயங்கள். முதலாவது, கட்டியின் வளர்சிதை மாற்றம் திரும்ப நுண்பைகளின் வெளியீட்டைப் பாதிக்குமா? இரண்டாவது, நுண்பைதான் காரணம் என்று நிறுவ, ராப்27ஏ மரபணுவை அடக்கி வெளியீட்டைக் குறைத்துவிட்டு விளைவு மறைகிறதா என்று பார்த்தால் போதாதா?

மறுமொழி 5: நாரிழை

முதலாவதற்கு ஆம். 2009இல் ரோமிலிருந்து வந்த மெலனோமா ஆய்வில், சூழல் அமிலத்தன்மை அடைந்தபோது செல்கள் எக்ஸோசோம்களை அதிகமாக வெளியிட்டன. அந்த எக்ஸோசோம்கள் பிற செல்களின் சவ்வோடு இணைவதும் எளிதானது. ஆக்சிஜன் குறைவும் வெளியீட்டைக் கூட்டுகிறது என்று மார்பகப் புற்றுச்செல்களில் காட்டியிருக்கிறார்கள். கிளைகாலிசிஸ் கூடினால் லாக்டிக் அமிலம் கூடும். அமிலம் கூடினால் பைகள் கூடும். பைகள் அண்டைச் செல்லின் கிளைகாலிசிஸைக் கூட்டினால் சுற்று மீண்டும் தொடங்கும். இதைக் கருத்தரங்கில் வட்டமாகவே வரைந்து காட்டலாம். ஆனால் வட்டத்தின் எல்லாக் கண்ணிகளும் ஒரே கட்டியில், ஒரே ஆய்வில் அளக்கப்பட்டவை அல்ல என்று கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆய்வக_மூலை வந்து கேட்பார்.

மறுமொழி 6: ஆய்வக_மூலை

கேட்பேன்தான்.

இரண்டாவதற்கு, போதாது. ராப்27ஏ அடங்கினால் எக்ஸோசோம் மட்டும் குறைவதில்லை. அந்தச் செல்லின் வேறு சில சுரப்புகளும் மாறுகின்றன. எக்ஸோசோம் வெளியீட்டைத் தடுக்கப் பயன்படும் ஜி.டபிள்யூ.4869 மருந்துக்கும் இதே குறை உண்டு. அது ஸ்பிங்கோமைலினேஸ் நொதியைத் தடுப்பதால் செல்லின் கொழுப்பு வளர்சிதையையே தொடுகிறது, நீங்கள் அளக்க விரும்புவதும் அதுவே. எனவே அடக்கிய பிறகு, அடக்காத செல்களிலிருந்து தனியே பிரித்த நுண்பைகளைத் திரும்பச் சேர்த்து, மறைந்த விளைவு மீள்கிறதா என்று பாருங்கள். சேர்க்கும் அளவு, அத்தனை செல்கள் அத்தனை மணி நேரத்தில் உண்மையில் வெளியிடக்கூடிய எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. பத்து மடங்கு சேர்த்து விளைவு கண்ட கட்டுரைகள் ஏராளம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. பைக்குள்தான் இருக்கிறது என்று காட்ட, பைகளை மூன்று குழாய்களில் பிரியுங்கள். ஒன்றில் எதுவும் சேர்க்க வேண்டாம். இன்னொன்றில் புரதச் சிதைப்பானும் ஆர்.என்.ஏ. சிதைப்பானும், மூன்றாவதில் அவற்றோடு சவ்வைக் கரைக்கும் டிட்டர்ஜென்ட்டும். இரண்டாவது குழாயில் மைக்ரோ ஆர்.என்.ஏ. எஞ்சி, மூன்றாவதில் அழிந்தால் அது சவ்வுக்கு உள்ளே இருந்தது என்று பொருள். இரண்டாவதிலேயே அழிந்துவிட்டால், அது பைக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது குழாயை மட்டும் செல்களின்மேல் ஊற்றிவிடாதீர்கள்; டிட்டர்ஜென்ட்டால் செத்த செல்லுக்கும் ஆக்சிஜன் செலவு குறையும்.

பெல்லட் எடுக்கும்போது மறக்காமல் செல் இல்லாத வெறும் நீர்மத்துக்கும் ஒரு குழாய் வையுங்கள். கோடு அதற்கும் போடுங்கள்.